பதினெட்டாம் பல்குடி

சாவிக்காரியின் சிறுநீரகம் அவள் தம்பிக்கு அப்படியே பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, இனி ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி என்றும் சொன்னார்கள். அந்த ஒரு காகிதத்துக்காக அவள் ஐந்து மாதம் அலைந்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தின் முனையில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் உள்ளே வர முடியாத பெட்டிக்கடையில் சாவி வெட்டிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. சாவிக்காரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழி காட்டுவார்கள். தம்பி அவளுக்கு ஆறு வயது இளையவன், வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுகிறவன். பதினான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டாற்போல் கிடந்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அவனுக்கு அவள், அவளுக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம்.

"ரத்தம், திசு எல்லாம் அச்சு அசலா பொருந்துதும்மா," என்றார் ஆஸ்பத்திரியில் இந்த விவகாரங்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள். "ஆனா கூடப்பொறந்தவங்கன்னு ஆணையம் எழுதிக் குடுக்கணும்."

"பிறப்புச் சான்றிதழ் ரெண்டு பேருக்கும் இருக்கே. ரெண்டுலயும் ஒரே அப்பா, ஒரே அம்மா."

"காகிதத்தை யார் வேணா அச்சடிக்கலாம். இப்பல்லாம் பல்லைத்தான் நம்புறாங்க."

"அப்ப இந்த ரத்தப் பரிசோதனை?"

"அது வைத்தியத்துக்கு. இது சட்டத்துக்கு."

மனிதர்களின் பல் கூட்டத்துக்குக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும் என்பது உண்மைதான். சிலருக்கு முன்பல்லின் பின்பக்கம் மண்வெட்டி போலக் குழிந்திருக்கும். சிலருக்கு மேல் கடைவாய்ப்பல்லின் உள்பக்கம் ஒரு குட்டி மேடு இருக்கும். சிலருக்கு ஞானப்பல் கடைசிவரை முளைக்கவே முளைக்காது. உணவைச் சமைத்துத் தின்னத் தொடங்கிய காலத்திலிருந்து மனிதத் தாடை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பழைய எலும்புகளைத் தோண்டி எடுக்கிறவர்கள் ஆயிரம் மண்டையோடுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். ஆயிரம் பேரை வைத்துத் தயங்கிச் சொன்னதை, ஒரே ஒரு ஆளை வைத்துத் தயங்காமல் சொல்வதற்காக நிறுவப்பட்டதுதான் பல்மரபு ஆணையம். அது நாட்டு மக்களைப் பதினேழு பல்குடிகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரே பல்குடி என்றால் சொந்தம். வேறு பல்குடி என்றால் சொந்தமில்லை.

ரத்த சுத்திகரிப்பு இல்லாத ஒரு நாளில் தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவள் ஆணையத்துக்குப் போனாள். கூடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'சிரிக்காதீர்கள். காட்டுங்கள்.' நீள பெஞ்சுகளில் ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு பியூன் வந்து மணியடித்தான். எல்லோரும் எழுந்து நின்று அண்ணாந்து வாயைத் திறந்தார்கள்.

"நீங்களும் திறங்கம்மா. இயக்குநர் வர்றார்," என்றான் பியூன்.

"எதுக்கு?"

"மரியாதை."

தம்பி கேட்டான். "கொட்டாவி விட்டாலும் மரியாதைதானா?"

"சத்தம் வராம விட்டா மரியாதைதான்."

திறந்த வாய்களுக்கு நடுவே இயக்குநர் நடந்து போனார். கொழுத்த மனிதர், உதடுகளை இறுக மூடியிருந்தார். கடைசி வாயையும் கடந்து அவர் அறைக்கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் ஜனங்கள் எச்சில் விழுங்கினார்கள்.

விண்ணப்பம் பதினொரு பக்கம். பேனா கேட்டவளிடம் குமாஸ்தா மெழுகுப் பட்டை ஒட்டிய தாள்களை நீட்டினார். அங்கே கையொப்பம் கிடையாது, கடியொப்பம்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மெழுகைக் கடித்துத் தடம் பதிக்க வேண்டும். கையெழுத்தை எவனும் போட்டுவிடலாம், கடியை எவன் போட முடியும் என்று குமாஸ்தா விளக்கினார். பதினொரு பக்கமும் கடித்து முடித்தபோது தம்பிக்குத் தாடை நடுங்கியது. அவள் தன் முந்தானையால் அவன் வாயில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்துவிட்டாள்.

பல் அளப்பவர் ஒடிசலான மனிதர். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் நான்கு குச்சிக் கண்ணாடிகள் இருந்தன. சாவிக்காரியின் வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"முப்பத்திரண்டும் இருக்கு. ஒரு சொத்தை இல்ல. முன்பல்லு மண்வெட்டி. பல்குடி ஐந்து."

பிறகு தம்பியின் வாய்க்குள் கண்ணாடியை விட்டார். "முன்பல்லு தட்டை. கடைவாய்ல மேடு. ஞானப்பல் இல்லை. பல்குடி பன்னிரண்டு." கணினியில் இரண்டையும் தட்டினார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வரி காட்டியது. அவர் அதை வாசித்தார். "உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான மூதாதை இருந்தது நாப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி."

"இவன் பொறந்தப்ப நான் பக்கத்து ரூம்லயே இருந்தேன் சார். எனக்கு ஆறு வயசு. அழுகைச் சத்தம் கேட்டுச்சு."

"நாப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல."

"அதான்," என்று சொல்லிவிட்டு அவர் 'முரண்' என்று முத்திரை குத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் தம்பி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான். "நாப்பதாயிரம் வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரங்கக்கா நாம. ஒரு தகவல்கூட சொல்லி அனுப்பல பாரு நீ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய கணுக்கால் செருப்புக்கு மேலே பொங்கிப் பிதுங்கியிருந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தாள். மேல்முறையீட்டுச் சன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேள்விகளை வாசித்தார்.

"தகப்பனாரின் பற்கள் உள்ளனவா?"

"அவரே இல்லீங்க."

"தாயாரின் பற்கள்?"

"செட்டுதான் இருக்கு."

'முழு செட் உள்ளது' என்று அவர் எழுதிக்கொண்டார். எடுத்துவரச் சொன்னார். அம்மா கடைசி எட்டு வருஷம் போட்டிருந்த பல்செட்டை அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருந்தாள். இது எதற்கு உதவும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஆணையத்தில் எது புரிந்து நடந்தது? கேட்டார்கள், கொடுத்தாள். ரசீதுக்கு இன்னொரு கடியொப்பம்.

மூன்று வாரம் பேச்சு மூச்சில்லை. நாலாவது வாரம் ஆணையத்தின் வண்டியே அவள் கடை வாசலுக்கு வந்தது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். காரியம் கனிந்துவிட்டது என்று நினைத்து அவள் கடையைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

கூடம் முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் வெல்வெட் துணி விரித்து, கண்ணாடிப் பேழைக்குள் அம்மாவின் பல்செட் இருந்தது. அதன்மேல் விளக்கு அடித்திருந்தார்கள். அவளை மேடையில் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் எழுந்து ஒருமுறை வாயைத் திறந்து மூடினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு புதிய பல்குடியை நாம் கண்டுபிடித்திருக்கிறோம். பதினெட்டாவது. இந்தப் பற்களைப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று. தேய்மானம் இல்லை. சொத்தை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேரே இல்லை. ஈறும் பல்லும் அண்ணமும் ஒரே துண்டாக இணைந்திருக்கின்றன. மனிதப் பரிணாமம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இந்தத் தாய் நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்."

கைத்தட்டல் எழுந்தது. சாவிக்காரி பக்கத்தில் நின்ற பியூனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இது கடையில செஞ்ச பல்லுங்க."

"இப்ப சொல்லாதீங்கம்மா. நாற்காலியெல்லாம் வந்தாச்சு."

இயக்குநர் தொடர்ந்தார். "இந்த ஆணையம் தொடங்கியபோது நாம் கண்டது நான்கே பல்குடிகள். அன்றைக்கு நாம் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். இன்றைக்குப் பதினெட்டு பல்குடி. நானூறு பேர் வேலை பார்க்கிறோம். பல்குடிகள் பெருகப் பெருக ஆணையம் பெருகும். சில பேர் கேட்கிறார்கள், ஒரே வீட்டில் அண்ணன் பல்லும் தங்கை பல்லும் வேறாக இருக்கிறதே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், வேறாக இல்லாவிட்டால் நமக்கு இங்கே என்ன வேலை? இன்னும் சிலர், இயக்குநரின் பல் எந்தக் குடி என்று கேட்கிறார்கள். அளவுகோலைக் கொண்டுபோய் யாராவது அளப்பார்களா? பல் பொய் சொல்லாது, நண்பர்களே. சொன்னால் நாம் பிடுங்கிவிடுவோம்."

அவர் உட்கார்ந்ததும் அவள் அவர் காதருகே குனிந்தாள். "ஐயா, அது பல்செட்டுங்க."

"ஆமாம்மா. முழு செட்டா கிடைச்சதுதான் விசேஷமே," என்றார் அவர். அவர் பேசும்போது மேல்வரிசைப் பல் லேசாகக் கீழே இறங்கி மறுபடி மேலே போய் ஒட்டிக்கொண்டதை அவள் அந்த நெருக்கத்தில் பார்த்தாள்.

விழா முடிந்ததும் ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். அவள் படியில் உட்கார்ந்து பிரித்துப் படித்தாள். தாயார் பல்குடி பதினெட்டு. விண்ணப்பதாரர் பல்குடி ஐந்து. எனவே விண்ணப்பதாரர் மேற்படி தாயாரின் மகள் அல்ல. தம்பி பல்குடி பன்னிரண்டு. எனவே அவனும் மகன் அல்ல. மேற்படி பற்கள் நாட்டின் சொத்தாக எடுத்துக்கொள்ளப்பட்டன. சொந்தமில்லாதவர்கள் அவற்றைக் கோர முடியாது.

அவள் போகும்போது தம்பியின் அக்காவாக இல்லை. திரும்பி வரும்போது அம்மாவுக்கு மகளாகவும் இல்லை.

அந்த வாரம் தம்பியின் இடது கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் துளையிட்டார்கள். அது வீங்கி நீலம் பாரித்தது. பிறகு கழுத்தில் குழாய் வைத்தார்கள். டாக்டர் அவளை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். "ஊசி போட இடமே இல்ல. நுரையீரல்லயும் தண்ணி கோத்துக்குது. ரெண்டு மாசம், கூடப்போனா மூணு. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன். பொருத்தமான கிட்னி இருந்தும் ஏம்மா இழுத்தடிக்கிறீங்க?"

யார் இழுத்தடிக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். டாக்டருக்கு அடுத்த படுக்கையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசியாகப் பரிணாம விளக்கக் குழு என்று ஒன்று இருந்தது. ஐந்து பேர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாடையை மேஜைமேல் வைத்திருந்தார்கள், அதிலே ஒருவர் பேனாக்களைச் செருகியிருந்தார். தலைவர் கேட்டார்.

"உங்க ரெண்டு பேர் பல்லும் வேற வேற மாதிரி ஆனதுக்கு உங்க தரப்பு விளக்கம் என்ன?"

"பொறப்பு அப்படி சார்."

"உங்களுக்கும் அவருக்கும் எத்தனை வருஷ இடைவெளி?"

"ஆறு."

தலைவர் மற்ற நால்வரையும் பார்த்தார். "ஆறு வருஷத்துல பரிணாமம் நடக்காதும்மா."

அவள் பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ, மூச்சுவிடாமல் சொன்னாள். "இந்த ரெண்டும் ஒரே தகட்டுல வெட்டினது சார். ஒண்ணோட பல்லு ஒரு மாதிரி, இன்னொண்ணோட பல்லு வேற மாதிரி. பல்லு வேற வேறன்னா தகடு வேற வேறன்னு ஆயிடுமா? அப்பா கிட்ட இருந்து கொஞ்சம், அம்மா கிட்ட இருந்து கொஞ்சம், எனக்கு ஒரு மாதிரி விழுந்துது, அவனுக்கு ஒரு மாதிரி விழுந்துது. அவ்வளவுதானே."

ஐவரும் சாவிகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு சாவியைத் தன் மேஜை இழுப்பறைப் பூட்டில் போட்டுத் திருப்பியும் பார்த்தார்.

"அருமையான உதாரணம்," என்றார் தலைவர். "ஆனா சாவிக்குச் சிறுநீரகம் கிடையாதே."

குறிப்பேட்டில் பதிவாயிற்று: 'விண்ணப்பதாரர் தன்னைச் சாவியோடு ஒப்பிட்டுக்கொண்டார். மறுக்கப்பட்டது.'

அவள் கட்டடத்தின் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அங்கே குழாயடியில் பல் அளப்பவர் தன் குச்சிக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பல்லை வைத்துத்தான்.

"அப்படிக் கடிக்காதீங்கம்மா, விளிம்பு உடைஞ்சிடும். அந்த மாதிரி பல்லு நான் பார்த்ததில்ல."

"சார், உங்க மனசைத் தொட்டுச் சொல்லுங்க. எங்களைப் பார்த்தா அக்கா தம்பி மாதிரி தெரியலையா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. என் வீட்டுக்குள்ளயே மூணு பல்குடி இருக்கு. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரு சாப்பாட்டு மேஜையைச் சுத்தி இருக்கிற வித்தியாசம் அதிகம். அளக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப உங்க பிள்ளைங்களுக்கு எப்படிச் சான்றிதழ் குடுத்தாங்க?"

"என் பல்லையே மூணு தடவை அச்செடுத்துக் குடுத்தேன்."

"எனக்கும் அப்படிச் செய்யக் கூடாதா சார்?"

"அது ஊழியர் குடும்பத்துக்கு மட்டும்தாம்மா. சுற்றறிக்கையே இருக்கு." அவர் கடைசிக் கண்ணாடியைத் துடைத்துப் பையில் செருகினார். போகத் திரும்பியவர் நின்றார். என்ன தோன்றியதோ, குழாயை மறுபடி திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் சொன்னார். "விதியில ஒண்ணு இருக்கு. இருக்கிற பல்லுக்குத்தான் முரண். இல்லாத பல்லுக்கு முரண் எழுத முடியாது."

அவர் போன பிறகும் அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய அலமாரிப் பூட்டு இரண்டு தடவை மாட்டிக்கொண்டபோது அவள்தான் போய்த் திறந்து கொடுத்தவள். முன்பல் நான்கையும் எடுக்க வேண்டும் என்றாள். அவர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டார். எதுவும் வலிக்கவில்லை என்றாள்.

"நல்ல பல்லைப் பிடுங்க எனக்குக் கை வராதும்மா."

அவள் தன் கதையைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டார்.

முன்பல் நான்கும் போனபின் ஆணையத்தில் மறுபடி அளந்தார்கள். மண்வெட்டி முரண் நீங்கிற்று. ஆனால் தம்பியின் கடைவாய்ப்பல்லில் மேடு இருந்தது, அவள் கடைவாய்ப்பல்லில் இல்லை. திரும்பிப் போய் அதையும் எடுத்தாள். ஞானப்பல் அவனுக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. அதையும் எடுத்தாள். பிறகு வேர் எண்ணிக்கை என்றார்கள், கோரைப்பல் அகலம் என்றார்கள். ஒவ்வொன்றாகப் போய்வர நாள் இல்லை. ஆறாவது வாரம் அவள் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள். "நாலு தடவையாவது பிரிச்சு வாங்கம்மா, உடம்பு தாங்காது," என்றார் அவர். இரண்டு தடவையில் முடித்துக்கொண்டாள்.

இவ்வளவு நாளும் அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் தம்பியைப் பார்க்கப் போனாள். சளி என்று சொல்லி வைத்திருந்தாள். கடைசிப் பல்லும் போன இரண்டாம் நாள், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் அவள் கையைப் பிடித்து முந்தானையை விலக்கினான். பார்த்தான். அவள் கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, அம்மா கடைசிக் காலத்தில் இருந்தது போலவே இருந்தாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

அவள் பதில் சொன்னாள். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

"யார்கிட்ட கேட்டு பண்ணின? இந்த அலைச்சலே வேணாம்னு சொன்னேன் இல்ல. நான் செத்துப்போறேன் விடுன்னு சொன்னேனா இல்லையா?" அவன் எழுந்திருக்கப் பார்த்தான். இயந்திரம் பீப் பீப் என்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்து அவனை அழுத்திப் படுக்க வைத்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்துக் குழாயில் அவன் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. சாவிக்காரி அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆணையத்தில் பல் அளப்பவர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். கண்ணாடியை எடுக்கவே இல்லை. "முரண் எதுவும் இல்லை" என்று எழுதினார். எழுதிவிட்டு, தாளை அவளிடம் தள்ளும்போதுதான் அவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. தாளின் அடியில் மெழுகுப் பட்டை இருந்தது.

கடியொப்பம் இல்லாமல் கோப்பு மேலே போகாது என்றார் குமாஸ்தா. கட்டைவிரல் வைக்கட்டுமா என்று சைகையால் கேட்டாள். இது பல்லாணையம், விரலாணையம் இல்லை என்றார் அவர். அவளுக்குக் கடித்துக்கொள்ளவும் பல் இல்லை. மெழுகுப் பட்டையைப் பிடுங்கி வாய்க்குள் வைத்து, ஆறாத ஈறுகளால் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். மெழுகில் இரண்டு வழவழப்பான வளைவுகளும் கொஞ்சம் ரத்தமும் பதிந்தன. அதைக் குமாஸ்தாவின் முன்னால் வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. பியூன் வந்து சொன்னான், எழுந்திருக்கவில்லை. பத்து மணி அடித்து எல்லோரும் எழுந்தபோதும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் ஒருத்திதான் வாயை மூடியிருந்தாள்.

குமாஸ்தா தடத்தை இயந்திரத்தில் வைத்தார். இயந்திரத்தில் அப்படி ஒரு தடத்துக்கு ஏற்கனவே ஒரு வகை இருந்தது. அச்சடித்த தாள் ஒன்று வந்து விழுந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். மேலதிகாரியிடம் கொண்டுபோனார். மேலதிகாரி இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முத்திரை குத்தி அனுப்பினார்.

'மேற்படி நபர் பல் முளைக்காத பருவத்தினர் எனக் கண்டறியப்பட்டது. பல் முளைக்காதவர்கள் தாமாக விண்ணப்பிக்க இயலாது. விண்ணப்பத்தில் உடன் உள்ள உறவினரே பாதுகாவலர் ஆவார். பாதுகாவலர்: மேற்படி தம்பி. உறவு: உறுதி செய்யப்பட்டது.'

அவள் அந்தக் கடைசி மூன்று சொற்களின்மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். பிறகு தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இதுப்படி நீங்க கைக்குழந்தை. கைக்குழந்தை கிட்னி குடுக்க முடியாதே."

சாவிக்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வயசு எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்படி. அதுல நாப்பத்து மூணு. உறவு அவங்களுக்குப் பல் படி. அதுல உறுதி. ரெண்டையும் சேர்த்து வச்சுப் படிக்கணும்னு எந்த விதியிலயும் எழுதல." தாளைக் கோப்பில் வைத்து, முதல் இரண்டு வரிகளின்மேல் ஆஸ்பத்திரியின் பெரிய வட்ட முத்திரையை அழுத்திக் குத்தினார். மை பரவி எழுத்துகள் மறைந்தன. "வியாழக்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க."

வியாழக்கிழமை அறுத்தார்கள். ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவளுடைய இடது சிறுநீரகம் தம்பியின் வயிற்றில் வைத்துத் தைத்த சற்று நேரத்துக்கெல்லாம் வேலை செய்யத் தொடங்கியது. பதினெட்டு மாதத்துக்கு மேல் வெறுமனே கிடந்த உடம்பிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் பையில் இறங்கியதைப் பார்த்து, டாக்டரே நர்ஸ்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

ஐந்தாம் நாள், முகமூடி போட்டுக்கொண்டு ஒரு கையில் மருந்துக் கம்பத்தைத் தள்ளியபடி தம்பி அவள் படுக்கைக்கு வந்தான். இன்னும் கொஞ்ச நாள் அறையை விட்டு வரக் கூடாது என்றிருந்தார்கள், அவன் கேட்கவில்லை. அவளுக்குக் கொடுத்த ரொட்டி தட்டில் அப்படியே இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, கரண்டியால் அவளுக்கு ஊட்டினான். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் வாசலில் நின்று அதட்டினாள்.

"சார், இங்க பார்வையாளர் வரக் கூடாது. நீங்க யார் இவங்களுக்கு?"

"கார்டியன்," என்றான் அவன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

இருவரும் வீடு திரும்பிய மாதத்திலேயே ஆணையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. பாதுகாவலர் பெயருக்கு வந்திருந்தது. தம்பி கடையின் பலகையில் உட்கார்ந்து பிரித்து, சத்தமாக வாசித்தான்.

"தங்கள் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு முதல் பால்பல் முளைத்த பதினைந்து நாட்களுக்குள், பல்குடி நிர்ணயத்துக்காக அதை அழைத்து வரவும். தவறினால் ஏற்கனவே வழங்கப்பட்ட உறவு ரத்து செய்யப்படும்."

சாவிக்காரி அரத்தைக் கீழே வைத்தாள். "ரத்து பண்ணிட்டா?" என்று கேட்டாள். "திருப்பிக் குடுக்கச் சொல்வாங்களாடா?"

"முதல்ல உனக்குப் பல்லு முளைக்கணுமேக்கா."

முளைக்காது என்று அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது போல் இருந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயை மறைக்காமல். அவனுக்கும் பற்றிக்கொண்டது. தையல் போட்ட இடம் இழுத்து வலித்தது. அவள் இடது விலாவையும் அவன் வலது அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு, போதும் நிறுத்து என்று ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டு, நிறுத்த முடியாமல் கிடந்தார்கள். பூட்டு ரிப்பேருக்கு வந்த ஒரு ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பூட்டைப் பலகையில் வைத்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனான்.